முப்பிடாதியம்மாள் கூடாரம் போட்ட வருஷம்

1957ஆம் வருஷம் ஆடி மாதம், குற்றாலம் பேரருவியில் தண்ணீரோடு சேர்ந்து தென்காசிப் பாத்திரக்கடை நாறும்பூநாதனின் மனைவி முப்பிடாதியம்மாளின் பேச்சும் விழுந்தது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் விழுந்தது. அந்த வருஷம் சாரல் நன்றாக இருந்தது. எலுமிச்சம்பழம் விலை இறங்கியிருந்தது. ரயில்வேக்காரர்கள் சீசனுக்கென்று கூடுதலாகப் பெட்டி மாட்டியிருந்தார்கள். பேச்சு விழுந்ததையும் ஊரில் இவற்றோடு ஒன்றாகச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனி, ஆடி, ஆவணியில் அந்த வீடு சொந்தமில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று திரும்பி, காயப்போட்ட வேட்டி இரண்டு நாளானாலும் ஈரம் விடாமல் தொங்கத் தொடங்கியதும், மற்ற மாதங்களில் இருக்கிறார்களா போய்விட்டார்களா என்று ஒரு வார்த்தை விசாரிக்காத சொந்தமெல்லாம் படுக்கைச் சுருளோடு வந்து இறங்கும். அருவியில் குளிக்க எண்ணெய் வேண்டும், குளித்தபின் பசிக்கும், தின்றபின் தூக்கம் வரும், தூங்கி எழுந்தால் மறுபடி அருவி. இதில் குளிப்பது மட்டும் குற்றாலத்தில் நடக்கும். மற்றதெல்லாம் தென்காசியில் யாராவது ஒருத்தி அடுப்படியில் நடக்கும். நாறும்பூநாதன் வீட்டில் அந்த ஒருத்தி முப்பிடாதியம்மாள். கடையத்திலிருந்து வாழ வந்தவள். பேசத் தெரியாதவள் என்று பெயர் எடுத்திருந்தாள். புகுந்த வீட்டில் அவள் வாயிலிருந்து வந்த நீளமான வாக்கியம் ‘சரி, மதினி’ என்பதுதான் என்று தெருவில் சொல்வார்கள்.

மதினி என்பது நாறும்பூநாதனின் அக்காள் உலகம்மாள். புருஷன் போனபின் மதுரையில் கொழுந்தன் குடும்பத்தோடு இருந்தாள். அவளுடைய மகன் ஆதித்தன் ஒரு மில் ஆபீஸில் வேலை பார்த்தான். சீசனுக்கு முதலில் வருகிறவளும் கடைசியில் போகிறவளும் உலகம்மாள்தான். வந்ததும் தம்பி வீட்டு ஊஞ்சலில் உட்காருவாள். பிறகு அந்த வீட்டில் உப்பு, புளி, எண்ணெய், எழுந்திருக்கும் நேரம், படுக்கும் நேரம் எல்லாம் ஊஞ்சலிலிருந்துதான் உத்தரவாகும். அவளுக்குப் பிறகு தூத்துக்குடியிலிருந்து சித்தப்பா மகன் பலவேசம் குடும்பத்தோடு வருவான். பிறகு யார் யாரோ வருவார்கள். நாறும்பூநாதன் எல்லோரையும் வாசலில் நின்று, “வாங்க, வாங்க, வீடு உங்க வீடு” என்பார். அவர் சொன்னதை ஒருவரும் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வருஷம் கூட்டம் எப்படி இருந்ததென்றால், முப்பிடாதியம்மாளுக்கு முதுகு சாய்க்க, சாமான் போட்டுவைக்கும் அரங்குவீட்டு அரிசி மூட்டைதான் மிச்சம். அதில் சாய்ந்தபடியே அவள் உளுந்து களைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஊஞ்சலிலிருந்து உலகம்மாளின் குரல் வந்தது.

“ஏட்டி முப்பிடாதி, ஆவணியில தங்கபுஷ்பத்துக்கும் ஆதித்தனுக்கும் தட்டு மாத்திக்கிடலாம்னு தம்பிட்ட சொல்லிட்டேன். நாளைக்குச் சொதிய கொஞ்சம் தண்ணியா வையி, நேத்து கெட்டியாப் போச்சு.”

தங்கபுஷ்பம் முப்பிடாதியம்மாளின் ஒரே மகள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகி, பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெய்னிங் படிக்க வேண்டும் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். முப்பிடாதியம்மாள் களைந்த உளுந்தை மூடிவைத்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். யுத்தம் முடிந்த வருஷம் மிலிட்டரி சாமான் ஏலத்தில் நாறும்பூநாதன் அலுமினியச் சட்டிகளை மொத்தமாக எடுத்தபோது, வேண்டாம் என்றாலும் கேளாமல் ஒரு காக்கிக் கூடாரத்தையும் தலையில் கட்டியிருந்தார்கள். அது பரணில் கிடந்தது. அதை இழுத்துத் தள்ளினாள். ஒரு சட்டி, ஒரு கரண்டி, அரிசி, பருப்பு, உப்பு, ஒரு கம்பளி. வாசலில் வெறும் வண்டியோடு நின்ற மாட்டுவண்டிக்காரனைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னாள்.

“எங்கம்மா போற?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

“கேம்ப் போட்டுட்டு வாரேன்” என்றாள் முப்பிடாதியம்மாள். “உளுந்து ஊறுது. ஆட்டத் தெரிஞ்சவுக ஆட்டட்டும்.”

குற்றால மலைக்கு மேலே, அருவிக்குத் தண்ணீர் வருகிற வழியில், வேங்கைமடைக் குளம் என்று ஒன்று உண்டு. சுற்றிலும் காடு. கரையில் ஓரிடம் மட்டும் மேடாக, புல் படர்ந்து, கூடாரம் அடிக்கத் தோதாக இருக்கும். வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்கு வந்தபோது அங்கேதான் தங்குவார்கள் என்பதால் அதற்குக் கேம்ப்மேடு என்று பெயர். அந்தக் கரையில் மனுஷர் பேச்சு கேட்காது. மரங்கொத்தி கொத்துவது கேட்கும், தவளை கேட்கும், சட்டியில் கரண்டி இடிப்பது கேட்கும். மனுஷர் வாயைத் திறந்து எதைச் சொன்னாலும், பக்கத்தில் நிற்கிறவர் காதுக்கு அது வந்து சேராது. இது அடிவாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். காட்டிலாகா அங்கே ‘அமைதி காக்கவும்’ என்று ஒரு போர்டு வைத்திருந்தது. அதற்கு அவசியம் இருக்கவில்லை. அந்தக் காட்டின் வாட்சர் மாடன், மேலே இருக்கும்வரை பேசாதவன். கீழே இறங்கினானென்றால் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, சேர்த்துவைத்தது முழுவதையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். வண்டி போகாத பாதையில் கூடாரத்தைத் தோளில் சுமந்துபோய், கழி நட்டு, கயிறு இழுத்துக் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். ஒரு பொம்பளை தனியாகக் கூடாரத்தில் தங்குவது சரியா என்று கேட்க நினைத்தான். ஆனால் அதற்குள் குளத்தங்கரை வந்துவிட்டதால் கேட்க முடியவில்லை.

முதல் நாள் முப்பிடாதியம்மாள் தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். எழுந்தபோது மேகம் குளத்தின்மேல் இறங்கி, எதிர்க்கரை மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டும் திருப்பி வைத்துக்கொண்டும் இருந்தது. தனக்கு மட்டும் என்று ஒரு கை அரிசி போட்டுக் கஞ்சி வைத்தாள். ஒரு கை அரிசி எவ்வளவு பொங்கும் என்பது மறந்துபோயிருந்தது. சாயங்காலம் ஒரு யானை கரைக்கு வந்து, அவளைப் பார்த்து, தண்ணீர் குடித்து, திரும்பிப் போனது. அவளுக்குப் பயம் வரவில்லை. வந்த விருந்தாளி தானே தண்ணீர் குடித்துவிட்டுத் தானே புறப்பட்டுப் போவதை அவள் அதற்குமுன் கண்டதில்லை.

மூன்றாம் நாள் அவள் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்து ஏதோ சொல்லிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. இன்னொன்று சொன்னாள். அதுவும் வரவில்லை. யார் காதிலும் விழாது என்று நிச்சயமானபின் அவளுக்குத் தைரியம் வந்தது. பிறகு அவள் நிறுத்தவில்லை. காலைக் கஞ்சி குடித்துவிட்டு உட்காருவாள், மத்தியானம்வரை பேசுவாள், சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்காருவாள். பேசப் பேச, கல்யாணமான நாளிலிருந்து தொண்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததெல்லாம் இறங்கி, உடம்பு லேசாகி, மூன்றாள் சாப்பாடு சாப்பிட்டாள். பேசிய பேச்சு எங்கே போகிறது என்று அவள் யோசிக்கவில்லை. யாரும் யோசித்ததில்லை. தண்ணீர் போகிற இடத்துக்குத்தான் அதுவும் போனது.

பேரருவியில் பெண்கள் பக்கம் உலகம்மாள் எண்ணெய் வழிய நின்றுகொண்டிருந்த காலை நேரத்தில் முதல் பேச்சு விழுந்தது. தண்ணீர் தலையில் அடிப்பதுபோலவே பேச்சும் அடித்தது. ஒவ்வொருத்திக்கும் அவள் தலைக்குள்ளேயே சொல்வதுபோல் கேட்டது.

“மதினி, எந்திச்சதும் ஒரு காப்பி. அருவிக்குப் போகையில ஒரு காப்பி. குளிச்சிட்டு வந்து உடம்பு நடுங்குதுன்னு ஒரு காப்பி. உங்களுக்கு நடுக்கம் நின்னா எனக்கு ஆரம்பிக்குது.”

பெண்கள் சிரித்தார்கள். யார் வீட்டு மதினியோ என்றார்கள். உலகம்மாளும் சிரித்தாள். பக்கத்தில் நின்றவளிடம், “எந்தச் சிறுக்கியோ இந்தப் பேச்சுப் பேசுதா. எங்க தம்பி பொண்டாட்டி தங்கம், வாயத் தொறக்கமாட்டா” என்றாள். அடுத்த தண்ணீரில், “உலகம்மா மதினி, உங்களத்தான் சொல்லுதேன்” என்று விழுந்தது.

அதற்குமேல் உலகம்மாள் நகர்ந்திருக்கலாம். ஆனால் பின்னால் வரிசை நின்றது, முன்னால் வழுக்கல். நின்ற இடத்தில் நின்று முழுவதையும் கேட்கவேண்டியதாயிற்று. “எம் மகளக் கேக்கதும், சொதியில தண்ணி ஊத்தச் சொல்லுததும் ஒரே மூச்சிலயா மதினி? நடுவில ஒரு மூச்சு விடப்பிடாதா? நான் குடுக்கமாட்டேன். ஆதித்தன் நல்ல பையன்தான். ஆனா எம் பிள்ள படிக்கணும்ங்கா. என்ன மாதிரி ‘சரி மதினி’ன்னு சொல்லிச் சொல்லி வாய் ஒரே கோணமாப் போயிரக்கூடாது.”

ஆண்கள் பக்கம் அதே நேரத்தில் பலவேசத்துக்கு உரியது விழுந்தது. மூன்று நாள் என்று வந்து முப்பது நாள் தங்குவதில் தனக்கு வருத்தமில்லை என்றும், போகும்போது மறதியாகப் பெட்டிக்குள் போய்விடுகிற பித்தளைச் செம்பு மட்டும் அடுத்த வருஷமாவது மறதியாகத் திரும்பி வரலாம் என்றும் முப்பிடாதியம்மாள் சொல்லியிருந்தாள். பலவேசம் அன்று மத்தியானமே ரயிலேறினான். செம்பு அடுத்த வாரம் பார்சலில் வந்தது. அதோடு யாரும் கேட்காத ஒரு குடையும் வந்தது.

நாலைந்து நாளில் வீடு காலியாகிவிட்டது. தங்கபுஷ்பம் சமைத்ததும் அதற்குக் கொஞ்சம் காரணம். ஆனால் அருவியில் கூட்டம் குறையவில்லை, கூடியது. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லாரிகளில் ஏறி வந்தார்கள். செங்கோட்டையிலிருந்து நடந்தே வந்தார்கள். எல்லோரையும்விட அதிகமாக வந்தது தென்காசிப் பெண்கள். பல சீசனாக அருவிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள், வீட்டு விருந்தாளிகளை இலையும் கையுமாக உட்கார வைத்துவிட்டு வந்து, வரிசையில் நின்று, முப்பிடாதியம்மாள் சொல்லச் சொல்லத் தண்ணீருக்குள் தலையாட்டினார்கள். பிறகு வீட்டுக்குப் போய் விருந்தாளிகளை ஒரு பார்வை பார்த்தார்கள். பொதுப்பணித்துறை இன்ஜினீயர் ஒருவர் வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப்போனார். குடிக்க உகந்தது என்று பதில் வந்தது. துரைமார் காலத்தில் இதே அருவியில் இங்கிலீஷ் விழுந்திருக்க வேண்டும் என்றும், குளித்தவர்களுக்குப் புரியாததால் தண்ணீர்ச் சத்தம் என்று இருந்துவிட்டார்கள் என்றும் டீக்கடையில் மாடன் சொன்னான். இவ்வளவு தெரிந்தும் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “யாரும் கேக்கலையே” என்றான்.

நாறும்பூநாதன் முதல் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. பொண்டாட்டி ஊர் சிரிக்க வைத்துவிட்டாள் என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அக்காள் ஊஞ்சலை விட்டு இறங்கி, குற்றாலத்தில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்த் தங்கியிருந்தாள். அங்கிருந்தபடி, முப்பிடாதி வந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் இனித் தம்பி வாசல் மிதிப்பேன் என்று சொல்லி அனுப்பினாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் நாறும்பூநாதன் எண்ணெய்கூடத் தேய்க்காமல் அருவிக்குப் போனார். கோபத்தோடுதான் போனார். ஆனால் தலையில் தண்ணீர் விழுந்ததும், தன் மனைவியின் குரல் தனக்குச் சரியாகத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்தது. ‘ம்’, ‘சரி’ என்பதற்கு வெளியே அந்தக் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் அவர் கேட்டதில்லை. அது நல்ல குரல். தன்னைப் பற்றி அவள் ரொம்பச் சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு முதலில் உறைத்தது. கடைசியில் ஒன்று விழுந்தது.

“அவுக நல்லவுக. எல்லாத்துக்கும் நல்லவுக. அதான் எனக்குன்னு ஒண்ணும் மிச்சமில்ல.”

போலீஸ்காரர் விசில் ஊதி, “அண்ணாச்சி, பின்னால ஆள் நிக்கி, நகருங்க” என்று சொல்லும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்று மறுபடி வந்தார். அந்த வாரம் முழுவதும் அவர் வேலை அதுதான். ஜலதோஷம் பிடித்து, மூக்கு ஒழுக ஒழுகக் கேட்டார். அவள் வளர்ந்த வீட்டைப் பற்றி, செத்துப்போன தம்பியைப் பற்றி, கறிவேப்பிலைச் செடி வைக்கப் புறக்கடையில் இடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதைப் பற்றி எல்லாம் கேட்டார்.

ஒருநாள் அருவியிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, ஈர வேட்டியோடு மகள் முன்னால் நின்றார்.

“ஏட்டி தங்கபுஷ்பம், உனக்கு ஆதித்தனக் கட்ட இஷ்டமா?”

“இல்லப்பா.”

“அத முன்னாலயே சொல்லக்கூடாதா?”

“யாருப்பா கேட்டா?”

ஆதித்தன் அன்றுதான் மதுரையிலிருந்து வந்திருந்தான். குற்றாலத்தில் அம்மாவைப் பார்த்துவிட்டு இங்கே வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவன், “மாமா, என்னையும் யாரும் கேக்கல” என்றான். அவனுக்கு மில்லில் கூட வேலை பார்க்கிற ஒருவருடைய தங்கை மேல் நினைப்பு இருந்தது. அம்மாவிடம் சொல்லப் பயந்து, குளத்தங்கரைக்குப் போய்ச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான்.

நாறும்பூநாதன் மறுநாள் மாடனைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். வழி நெடுக, மனைவியிடம் சொல்லவேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். மாடன் அதில் இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னான். கேம்ப்மேட்டுக்குப் போனபோது முப்பிடாதியம்மாள் கூடாரத்துக்கு வெளியே மூன்று கல் வைத்துக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். முகம் நிறம் கூடி, கன்னம் பூரித்து, புது ஆளாக இருந்தாள். அவர் நேரே போய் நின்று, தயார் செய்து வைத்ததைச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. அவள் அவர் வாயையே பார்த்தாள். பிறகு இலையில் இரண்டு கிழங்கை வைத்து நீட்டினாள். அவர் தின்றார். இரண்டுபேரும் கல்லில் உட்கார்ந்து குளத்தைப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்தாற்போல ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்தது அப்போதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து நாறும்பூநாதன் எழுந்து கரைக்கு அருகே போனார். தண்ணீரைப் பார்த்து நின்றார். இங்கே என்ன சொன்னாலும் அது நாளைக்கு ஊர் தலையில் விழும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அக்காள் தலையிலும் விழும், கடைக்கு வரும் ஆட்கள் தலையிலும் விழும். ஒரு பாத்திரக் கடைக்காரர் இதையெல்லாம் யோசிக்கவேண்டும். அவர் யோசித்தார். யோசித்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றபடி ரொம்ப நேரம் பேசினார். பின்னாலிருந்து முப்பிடாதியம்மாளுக்கு அவர் தோள் அசைவதும், ஒருமுறை துண்டால் கண்ணைத் துடைப்பதும் தெரிந்தது. ஜலதோஷமாக இருக்கும் என்று நினைத்தாள். பேசிமுடித்து வந்தவர், அவித்த சட்டியை எடுத்துக்கொண்டுபோய்க் கரைமண் போட்டுத் தேய்த்தார். கையில் வாங்கியதும் எடை சொல்லிவிடுகிறவருக்கு, அடிப்பிடித்த சட்டி எப்படிப்பட்டது என்று அன்றுதான் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்துபோய் வாங்கவில்லை.

நாலு நாள் அங்கேயே இருந்தார்கள். சமைப்பதும் சுள்ளி பொறுக்குவதும் நடப்பதும் உட்காருவதுமாக இருந்தார்கள். கீழே அவர் பேச்சு மறுநாளே விழுந்துவிட்டது. ஒருதடவை விழுந்தது மறுபடி விழாது. அருவியின் வழக்கம் அது. அன்று அருவியில் நல்ல கூட்டம். பேச்சு முக்கால்வாசி போய்க்கொண்டிருக்கும்போது மேலே பெருமழை பிடித்து, வெள்ளம் செம்மண்ணாக இறங்கியதால், போலீஸ்காரர்கள் எல்லோரையும் அடித்து விரட்டாத குறையாக வெளியேற்றினார்கள். உலகம்மாள் மட்டும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கிவரும்போது, பேச்சு முடிந்திருந்தது. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், தலைகூடத் துவட்டாமல், அன்றைக்கே மதுரைக்கு ரயில் ஏறிவிட்டாள்.

ஆகக் கடைசியில், நாறும்பூநாதன் தன் மனைவிக்குச் சொன்னதை அவர் மனைவி தவிர ஊர் முழுக்கக் கேட்டிருந்தது. முப்பிடாதியம்மாள் மலையிறங்கி ஏறிவந்த வண்டியைக் குற்றாலம் சாலையிலேயே நிறுத்தி, பூக்காரி வள்ளித்தாய் அந்தப் பேச்சின் முதல் துண்டைக் கொடுத்தாள். “‘நான் பேசவிடலன்னு நீ நெனச்சே; நீ பேசமாட்டேன்னு நான் நெனச்சேன், முப்பிடாதி’ன்னாக அண்ணாச்சி” என்று சொல்லி, பூவைச் சும்மாவே கொடுத்தாள். பக்கத்து வீட்டு சைதூன் பீவி சுவரின்மேல் எட்டி நின்று இன்னொன்று சொன்னாள்: “‘உன் சாப்பாடு நல்லாருக்குன்னு நான் ஒருநாளும் சொல்லல. வந்தவுக சொன்னாக, அது போதும்னு இருந்துட்டேன்’னாகளாம் மதினி. எங்க வீட்டு ஆளும் கேட்டுட்டு வந்து முழிக்காரு.” தபால்காரர் ஒன்று சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார் இலக்கணத்தைச் சரிசெய்து ஒன்று சொன்னார். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. முப்பிடாதியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவைத்துக்கொண்டு, புருஷன் தன்னைப் புகழ்ந்ததாக வந்த துண்டுகளைத் தள்ளிவிட்டு, தன்மேல் குறை சொன்னதாக வந்தவற்றை நம்பினாள். அவற்றை ஊர்க்காரர்கள் சொந்தமாகச் சேர்த்திருக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. அவரிடமே ஒருதடவை கேட்டாள்.

“அன்னைக்குக் குளத்தில என்ன சொன்னிய?”

“அதான் எல்லாரும் கேட்டாகளே.”

“நான் கேக்கலல்லா.”

நாறும்பூநாதன் வாயைத் திறந்தார். தென்காசியில் பேச்சுக்குத் தடை ஒன்றும் இல்லை. ஆனாலும் வரவில்லை. எழுந்துபோய்ப் புறக்கடையில் கறிவேப்பிலைக்குக் குழி தோண்டினார்.

பிறகு வருஷங்கள் போயின. தங்கபுஷ்பம் டிரெய்னிங் முடித்து, கீழப்பாவூரில் டீச்சரானாள். ஆதித்தன் தான் நினைத்தவளைக் கட்டிக்கொண்டான். தென்காசித் தையல்கடைகளில் சீசனுக்கு முன்னால் கூடாரம் தைப்பது ஒரு தொழிலாயிற்று, வீட்டுக்கொன்று வாங்கிவைத்தார்கள். நாறும்பூநாதன் வீட்டில் அந்தக் காக்கிக் கூடாரம் பரணுக்குத் திரும்பவில்லை. சுருட்டி, கயிறு கட்டி, ஊஞ்சலுக்கு எதிரே சுவரில் சாத்தி வைத்திருந்தது. விருந்தாளிகள் வந்து அதைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, பெண்கள் அம்மிக்குப் போவார்கள். ஆண்கள் தண்ணீர் இறைப்பார்கள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. காட்டிலாகா பழைய போர்டை எடுத்துவிட்டு, ‘தண்ணீரைப் பார்த்துப் பேசாதீர்’ என்று புதிதாக வைத்தது. அதைப் படித்தபின்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தண்ணீரைப் பார்த்துப் பேசலாம் என்று தெரியவந்தது. ஒரு வக்கீல், சொத்து வழக்கில் அருவி சொன்னதைச் சாட்சியமாக எடுக்கவேண்டும் என்று கேட்டார். அருவி கோர்ட்டுக்கு வந்து சத்தியம் செய்யுமா என்று நீதிபதி கேட்டார். அதோடு போயிற்று.

உலகம்மாள் மட்டும் வரவில்லை. 1964ஆம் வருஷம் ஆனி மாதம், சொல்லாமல் கொள்ளாமல், ஒரே ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். இளைத்திருந்தாள். ஊஞ்சல் பக்கம் போகவில்லை. நேரே அடுப்படிக்கு வந்து, திருவலகட்டையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அங்கே கிடந்த தேங்காயைத் துருவத் தொடங்கினாள். முப்பிடாதியம்மாள் “வாங்க மதினி” என்றாள். அரைமூடித் தேங்காய் தீர்ந்தது.

“தம்பி குளத்தில சொன்னதுல கடைசி எனக்கு மட்டுந்தான் தெரியும்” என்றாள் உலகம்மாள். “உனக்குச் சேரவேண்டியது. இத்தன வருஷம் நான் வச்சுக்கிட்டேன்.”

முப்பிடாதியம்மாள் அடுப்பைத் தணித்தாள்.

“‘எங்க அக்காளுக்கு மதுரையில ஒரு வாய் காப்பி கேட்டுக் குடிக்க நாதியில்ல, முப்பிடாதி. கொழுந்தன் பொண்டாட்டி வைக்கிற இடத்துல இருக்கா. இங்கன வந்துதான் அவ அதிகாரம் பண்ணுதா. மூணு மாசம் பண்ணிட்டுப் போகட்டும். மிச்ச ஒம்பது மாசம் அவளும் உன்ன மாதிரிதான் இருக்கா’ன்னான்.” உலகம்மாள் துருவிய பூவைக் கையால் ஒதுக்கினாள். “போலீஸ்காரன் இழுக்க இழுக்க, தண்ணிக்குள்ள நின்னுட்டு அதக் கேட்டேன். நல்லவேள, மத்தவுகள வெரட்டிட்டாக. கேட்டபிறகு உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? நீயும் தம்பிட்டயே கேட்டிருப்பியோன்னு நெனச்சேன். கேக்கலன்னு ஆதித்தன் இப்பத்தான் சொன்னான்.”

“இப்பம் அவன் வீட்டுல எப்படி இருக்கிய, மதினி?”

“நல்லாத்தான் வச்சிருக்கான். மருமவ தங்கமானவ, வாயத் தொறக்கமாட்டா” என்றாள் உலகம்மாள். சொன்னதும் கை நின்றது. இரண்டுபேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அடுப்படியில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு, சைதூன் பீவி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“எந்திரிங்க மதினி” என்றாள் முப்பிடாதியம்மாள். “அவுக சோத்த வடிச்சிக்கிடுவாக. அருவிக்குப் போய்ட்டு வருவோம்.”

அன்று சாரல் மிதமாக இருந்தது. பெண்கள் பக்கம் வரிசை சின்னதுதான். இருவரும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போய் நின்றார்கள். கடையம் பக்கத்துக்காரர் யாரோ அந்த வாரம் கேம்ப்மேட்டில் கூடாரம் போட்டிருந்தார் போலிருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் முறை விஷயமாகத் தன் தம்பியைப் பற்றி ஒரே மூச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சோப்புப் போட்டபடியே கேட்டார்கள். திரும்பி நடந்துவரும்போது, தப்பு அண்ணன் மேல்தான் என்றாள் உலகம்மாள். தம்பி செய்தது அநியாயம் என்றாள் முப்பிடாதியம்மாள். வீடு வந்து சேரும்வரை அது தீரவில்லை. ஈரத்துணியைக் கொடியில் போட்டபடியே இரண்டுபேரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.